படத்தில் நிறம் கூட்டும்போது

வாட்ஸ்அப்பில் அனுப்பவும் நோட்டீஸ் அச்சடிக்கவும் இன்று நாமே சரக்கைப் படமெடுத்துத் திருத்துகிறோம். முதலில் கை போவது நிறச்செறிவைக் கூட்டத்தான். போட்டோஷாப்பில் இந்த அளவு கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை உண்டு. அடியோடு குறைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகும். மிகவும் கூட்டினாலோ மிளகாய்த்தூளின் பொடி தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். குங்குமமா மிளகாயா என்று வாடிக்கையாளர் கேட்பார்! 'வைப்ரன்ஸ்' என்ற அளவு மங்கிய நிறங்களையே அதிகம் தூக்கும். நாம் விரும்புவது அதைத்தான். சரக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கூட்ட வேண்டும். திரையில் பளிச்சிடும் நிறம் நான்கு வண்ண மை அச்சில் மங்கும் என்பதால், மாதிரி அச்சு பாராமல் நோட்டீசுக்கு ஆர்டர் தர வேண்டாம்.

மங்கிய பழைய பருப்பைப் படத்தில் புதுப்பருப்பாக்குவது வேறு சங்கதி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 53-ன்படி, ஏமாற்றும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.