அம்பத்தூரிலிருந்து அமெரிக்கா: நடுவில் இறங்கும் ஊரை யார் முடிவு செய்கிறார்கள்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு மீனம்பாக்கத்தின் நள்ளிரவு பழகிப்போன ஒன்று. இரவுச் சாப்பாட்டை முடித்து, பெட்டிகளை இன்னொரு முறை எடை பார்த்து, மதுரவாயல் வழியாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், விமானம் கிளம்புவது பின்னிரவு இரண்டு மணிக்கோ நான்கு மணிக்கோ இருக்கும். அதுவும் நேராகச் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகாது. துபாய், தோஹா, பிராங்க்பர்ட், லண்டன், சிங்கப்பூர், ஹாங்காங், டெல்லி என ஏதோ ஓர் ஊரில் இறங்கி, சில மணி நேரம் காத்திருந்து, வேறு விமானத்தில் ஏற வேண்டும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை.

நடுவில் இறங்கும் அந்த ஊர் ஏன் துபாயாகவும் சிங்கப்பூராகவும் இருக்கிறது? ஏன் சென்னையாக இல்லை? பரந்தூரில் புதிய விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு நடக்கும் இந்த நேரத்தில், மேற்குப் புறநகர்வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

எல்லா வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நேர்க்கோட்டில் சுமார் 13,900 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. அதனால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. டெல்லி வழியாகப் போனால் சுமார் 14,100 கிலோமீட்டர். டோக்கியோ வழியாக 14,700, ஹாங்காங் வழியாக 14,800, துபாய் வழியாக ஏறக்குறைய 16,000, சிங்கப்பூர் வழியாக 16,500, லண்டன் வழியாக 16,800.

பசிபிக் பெருங்கடலைத் தாண்டிப் போகும் நிறுவனமும், ஐரோப்பா வழியாகப் போகும் நிறுவனமும், வளைகுடாவிலிருந்து துருவத்தை ஒட்டிப் பறக்கும் நிறுவனமும் அம்பத்தூர்ப் பயணி ஒருவருக்காகப் போட்டி போட முடிவது இதனால்தான். கலிஃபோர்னியா டிக்கெட்டுக்கு இத்தனை வழிகள் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

காற்றும் இந்தக் கணக்கில் சேரும். வடக்குப் பசிபிக்கின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுகிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. ஆனாலும் பின்னாலிருந்து தள்ளிய காற்றால் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக முடிந்தது.

நூறு விமானம் இருபதான கதை

ஆசியாவில் பத்து ஊர்கள், அமெரிக்காவில் பத்து ஊர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆசிய ஊரையும் ஒவ்வோர் அமெரிக்க ஊரோடும் நேராக இணைக்க 100 தடங்கள் தேவை. நடுவில் ஒரே இடத்தில் எல்லோரையும் இறக்கி ஏற்றினால் 20 தடங்கள் போதும். ஸ்ரீபெரும்புதூர், திருமழிசை, ஆவடி, தாம்பரம் பேருந்துகள் பூந்தமல்லியில் கூடிப் பிரிவது போலத்தான். சென்னையிலிருந்து போர்ட்லாண்டுக்கு ஒரு நாளில் ஐந்து பேர்தான் போகக்கூடும். அவர்களுக்காக ஒரு விமானம் ஓட்ட முடியாது. ஆனால் இருபது ஊர்களிலிருந்து வரும் ஐந்தைந்து பேரைச் சேர்த்தால் நூறு பேர். மைய விமான நிலையம் என்ற ஏற்பாட்டின் உயிர் இந்தக் கூட்டலில் இருக்கிறது.

கூட்டல் சரியாக வர, வந்து சேரும் விமானங்கள் எல்லாம் ஒரே வேளையில் வர வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த விமானங்கள் வரிசையாகக் கிளம்ப வேண்டும். சென்னையில் பின்னிரவில் ஏறினால் பிராங்க்பர்ட்டில் காலையில் இறங்கலாம். முற்பகலிலிருந்து அங்கே அமெரிக்க விமானங்கள் புறப்படத் தொடங்கும். பிராங்க்பர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 மணி வரை விமானங்களுக்குத் தடை வேறு உண்டு. நம் வீட்டில் தூக்கம் கெடுவது அந்த ஊர்களின் கால அட்டவணைக்காகத்தான்.

தீவிலிருந்து தலைநகருக்கு

பசிபிக் பாதையின் பழைய நிறுத்தங்களை எரிபொருள்தான் முடிவு செய்தது. 1935 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ‘சைனா கிளிப்பர்’ என்ற கடல் விமானம் தபால் மூட்டைகளுடன் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, ஹொனலுலு, மிட்வே, வேக், குவாம் ஆகிய தீவுகளில் தங்கித் தங்கி மணிலா போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவுகளில் பயணிகள் இருந்தார்களா என்று யாரும் பார்க்கவில்லை. இறங்கி எரிபொருள் நிரப்ப இடம் இருந்தது, அது போதும்.

போருக்குப் பின் அலாஸ்காவின் ஆங்கரேஜும் ஜப்பானின் டோக்கியோவும் அந்த இடத்துக்கு வந்தன. நார்த்வெஸ்ட் நிறுவனம் 1947இல் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குப் பறந்தது. டோக்கியோவைத் தாண்டி ஆசியாவின் மற்ற ஊர்களுக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமை அமெரிக்க நிறுவனங்களுக்கு இருந்தது. அந்த உரிமைக்குச் சந்தையில் விலையே இருந்தது: பான் அமெரிக்கன் தன் பசிபிக் வணிகத்தை 75 கோடி டாலருக்கு யுனைடெட் நிறுவனத்திடம் விற்றது, 1986இல் அது கைமாறியது.

பிறகு இயந்திரங்கள் மேம்பட்டன. இரட்டை இயந்திர விமானம், ஒரு இயந்திரம் நின்றாலும் 60 நிமிடத்தில் ஒரு விமான நிலையத்தை எட்டும் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும் என்ற பழைய விதி 1985இல் 120 நிமிடமாகவும், 1988இல் 180 நிமிடமாகவும் தளர்ந்தது. பெருங்கடல் நடுவே தீவு தேட வேண்டிய தேவை குறைந்தது. இன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரை ஒரே மூச்சில் பறக்கிறது. டோக்கியோ நரிட்டாவில் நார்த்வெஸ்டிடமிருந்து டெல்டாவுக்கு வந்த மையம் சுருங்கிச் சுருங்கி 2020இல் மூடப்பட்டது. அதன் ஆசிய இணைப்பு வேலையைக் கொரியன் ஏர் கூட்டணி மூலம் சோல் நகரின் இன்சியான் எடுத்துக்கொண்டது.

ஆங்கரேஜ் மட்டும் இன்னும் உலகின் பெரிய சரக்கு விமான நிலையங்களில் ஒன்றாக நிற்கிறது. அங்கே எரிபொருள் நிரப்பினால் குறைந்த எரிபொருளுடன் கிளம்பி, மிச்ச எடைக்குக் கூடுதல் சரக்கு ஏற்றலாம். சரக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தால் முணுமுணுக்காது, பயணி முணுமுணுப்பார்.

விமான நிறுவனம் எதைப் பார்க்கிறது?

எரிபொருள் கவலை குறைந்த பிறகு, மையத்தைத் தேர்ந்தெடுக்க நிறுவனங்கள் வேறு விஷயங்களைப் பார்க்கின்றன.

முதலாவது, அந்த ஊருக்கே பயணிகள் வேண்டும். இணைப்புப் பயணி மலிவான டிக்கெட் கிடைத்தால் நாளைக்கே வேறு வழியில் போய்விடுவார். சான் பிரான்சிஸ்கோ யுனைடெட்டின் பசிபிக் வாசலாக இருப்பதற்கு அந்த ஊரின் சொந்தப் பயணிகளும், அதிகக் கட்டணம் தரும் தொழில்நுட்ப நிறுவனங்களுமே பலம்.

இரண்டாவது, உரிமை. ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டுக்கு எத்தனை விமானம், எத்தனை இருக்கை ஓட்டலாம் என்பது அரசுகளின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்தியா–துபாய் தடத்தில் இரு தரப்புக்கும் வாரத்துக்கு 66,000 இருக்கை அளவில் வரம்பு இருக்கிறது. அதைக் கூட்டச் சொல்லி எமிரேட்ஸ் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அந்த இருக்கைகளில் கணிசமானவர்கள் துபாய்க்கே போகிறவர்கள் அல்லர். துபாயைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவர்கள்.

மூன்றாவது, விமானத்தின் வயிறு. பயணிகள் காலுக்குக் கீழே இருக்கும் சரக்கு அறை, நீண்டதூரத் தடத்தின் லாப நட்டத்தைப் புரட்டிப்போடும். இதில் நம் பக்கத்துக்குக் குறைவில்லை. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் போட்ட அடித்தளம் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை நீண்டிருக்கிறது. 2025இல் அமெரிக்கா புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தபோது, சென்னையிலிருந்து சுமார் 600 டன் ஐபோன்கள் சரக்கு விமானங்களில் அமெரிக்காவுக்குப் பறந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனம் 2019 அக்டோபரில் டோக்கியோ–சென்னை நேரடி விமானத்தைத் தொடங்கியதும் இங்குள்ள ஜப்பானியத் தொழிற்சாலைகளை நம்பித்தான். ஆறு மாதம் முடிவதற்குள் கொரோனா அதை நிறுத்தியது.

நான்காவது, திறந்த வானம். 2022இல் ரஷ்ய வான்வெளி அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு தடத்தை அறிவித்திருந்த யுனைடெட் அதைத் தொடங்கவே இல்லை. ரஷ்யாவின் மேல் பறக்க முடிந்த ஏர் இந்தியாவுக்கும் இடர் இருந்தது: 2023 ஜூனில் அதன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் இயந்திரக் கோளாறால் ரஷ்யாவின் மகதான் நகரில் இறங்க, மாற்று விமானம் வரும்வரை பயணிகள் அங்கே தங்க நேர்ந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் அவற்றின் தடங்கள் நீண்டன.

சென்னைக்கு என்ன குறை?

பயணிகள் இருக்கிறார்கள், சரக்கு இருக்கிறது. 3,658 மீட்டர் முதன்மை ஓடுதளம் பெரிய விமானங்களுக்குப் போதும். ஆனால் மீனம்பாக்கத்தின் இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இரண்டையும் முழுவீச்சில் ஒரே நேரத்தில் இயக்க முடியாது. ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் குன்றுகள், சுற்றிலும் வீடுகள். அலை அலையாக விமானங்களை இறக்கி ஏற்ற அங்கே இடமில்லை.

அதைவிடப் பெரிய குறை, சென்னையைத் தன் வீடாகக் கொண்டு நீண்டதூர விமானங்களை ஓட்டும் நிறுவனம் ஒன்றுமே இல்லாதது. ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தென்னிந்தியாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் விட்டபோது பெங்களூருவைத் தேர்ந்தெடுத்தது. அதோடு, உள்நாட்டு விமான எரிபொருளுக்குத் தமிழ்நாடு நீண்ட காலம் 29 சதவீத வரி வசூலித்தது. நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. மதுரை, திருச்சி, கோவைப் பயணிகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய சிறு தடங்களுக்கு அது சுமை.

பரந்தூருக்கு மான்ட்ரியல் சொல்லும் பாடம்

பரந்தூர்த் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம், இரண்டு இணை ஓடுதளங்கள், ஆண்டுக்கு 10 கோடி பயணிகள் என்பது இலக்கு. 2025இல் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. பூந்தமல்லி வரை வரும் மெட்ரோவைப் பரந்தூருக்கு நீட்டிக்கும் திட்டமும் உண்டு. நிலத்தையும் ஏரிகளையும் இழக்க மறுத்து, திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் 1,000 நாட்களைத் தாண்டிப் போராடியிருக்கிறார்கள்.

கனடாவின் மான்ட்ரியல் நகரம் இதே வழியில் ஒருமுறை போயிருக்கிறது. நகருக்கு வெகு தொலைவில் விவசாய நிலங்களை எடுத்து 1975இல் மிராபெல் விமான நிலையத்தைத் திறந்தார்கள். வெளிநாட்டு விமானங்கள் மிராபெலுக்குப் போயின. உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வல் நிலையத்திலேயே தங்கின. விமானம் மாறுவதற்கு ஊரைக் கடந்து போகப் பயணிகளும் நிறுவனங்களும் விரும்பவில்லை, டொராண்டோவுக்கு மாறிக்கொண்டார்கள். 2004இல் மிராபெலில் பயணிகள் விமானம் அடியோடு நின்றது. எடுத்த நிலத்தில் பெரும்பகுதி விவசாயிகளிடமே திரும்பிப் போனது.

மீனம்பாக்கமும் பரந்தூரும் சேர்ந்தே இயங்கும் என்கிறது அரசு. அப்படியானால் எந்த விமானம் எங்கே என்பதுதான் இத்திட்டத்தின் தலைவிதி. மதுரையிலிருந்து வருபவர் மீனம்பாக்கத்தில் இறங்கி, சாலை வழியே பரந்தூர் போய் அமெரிக்க விமானம் பிடிக்க வேண்டும் என்றால், அவர் துபாய் வழியையோ பெங்களூரு வழியையோதான் பார்ப்பார். ஓடுதளம் மட்டுமே ஓர் ஊரை மையம் ஆக்கிவிடாது. சென்னையை வீடாகக் கொள்ளும் நிறுவனம், ஒரே கூரையின் கீழ் உள்நாட்டு–வெளிநாட்டு இணைப்பு, சிறு ஊர்களிலிருந்து வரும் தடங்களுக்கு வரிச் சலுகை, விரைவான சரக்குப் பரிசோதனை ஆகிய நான்கும் வேண்டும். ஏகனாபுரம் மக்களிடம் நிலம் கேட்கும் அரசு, இந்த நான்குக்கும் என்ன திட்டம் வைத்திருக்கிறது என்பதை முதலில் பொதுவில் வைக்கட்டும். அதைக் கேட்கும் உரிமை நிலம் தருகிறவர்களுக்கும் உண்டு, நள்ளிரவில் பெட்டியோடு கிளம்பும் மேற்குப் புறநகர் மக்களுக்கும் உண்டு.