விட்டுப்போன ஒரு மாத்திரை

1933 பிப்ரவரியில் ஒரு விவசாயி, செத்த கிடாரியையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் கடந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. அங்கே உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் குழு 1939-ல் அந்தத் தீவனத்திலிருந்த நச்சைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தானது. 1954 முதல், ரத்தம் உறைவதைத் தடுக்க மனிதருக்கும் மருந்து.

வியப்பு என்னவென்றால், ஓடுகிற ரத்தத்தை இந்த மாத்திரை தொடுவதே இல்லை. வைட்டமின் கே-யைக் கொண்டு கல்லீரல் நான்கு உறைபுரதங்களைத் தயாரிக்கிறது; அந்த வைட்டமினைப் புதுப்பிக்கும் நொதியை வார்ஃபரின் முடக்குகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்களோ தாமாகத்தான் கழிய வேண்டும். அவற்றில் ஒன்றான ஏழாம் காரணி ஏறக்குறைய 6 மணி நேரத்தில் பாதியாகும். இன்னொன்றான புரோத்ராம்பின் பாதியாக இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

அதனால் இன்று விட்ட மாத்திரையின் விளைவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் தெரிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஈடுகட்டுவதாக நினைத்து மறுநாள் இரண்டாகப் போட்டாலும் அதே தாமதம்தான்: அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் போகலாம். அதே நாளில் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். விடிந்த பிறகு ஞாபகம் வந்தால், விட்டது விட்டதுதான். அன்றைய மாத்திரையை மட்டும் வழக்கமான நேரத்தில் போட்டு, விட்ட தேதியைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்தியாவில் பரவலாக எழுதித்தரும் அசினோகூமராலுக்கும் இதுவே விதி. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ஒரு வேளை விட்டாலும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிடுவது நல்லது.

அபிக்சபான், டபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகள் வேறு ரகம். இவை ரத்தத்திலேயே உறைகாரணியைப் பிடித்து நிறுத்துபவை. ஏறத்தாழ அரை நாளில் பாதி வெளியேறிவிடும். ஒரு வேளை விட்டாலே பாதுகாப்பு சட்டென்று குறையும். டபிகாட்ரானில் அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டதைப் போடக் கூடாது. ரிவராக்சபானை முதல் மூன்று வாரம் தினம் இரு வேளை எடுப்பவர்களுக்குக் கணக்கே தனி. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதி உங்கள் மாத்திரைக்குப் பொருந்தாமல் போகலாம்.

மறந்த பிறகு தேடாதீர்கள். அடுத்த முறை சீட்டு வாங்கும்போதே, "ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்யணும்?" என்று கேட்டு அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையைப் பற்றி யோசிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.