மூணு நிமிஷம் நின்னா கார் ஏன் முரண்டு பிடிக்குது?

ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகள்ல எண்டூரன்ஸ்னு ஒரு ரவுண்டு உண்டு. கோவையில நடக்குற ஃபார்முலா பாரத்லயும் இருக்கு. சுமார் 22 கிலோமீட்டர் ஓட்டணும். பாதி தூரத்துல இன்ஜினை ஆஃப் பண்ணி, டிரைவர் மாறணும். அதுக்கு 3 நிமிஷம். அப்புறம் சூடான இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். ஆகலைன்னா ஒரு வருஷ உழைப்பு அங்கேயே முடிஞ்சது.

எங்க கார் காலேஜ் கிரவுண்டு ரிகர்சல்ல இதே இடத்துலதான் மக்கர் பண்ணுச்சு. ஸ்டார்டர் சுத்துது, இன்ஜின் பிடிக்கல. பேட்டரி நல்லா இருக்கு, ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் இருக்கு. லேப்டாப்ல பாத்தா உள்ளே வர்ற காத்தோட டெம்பரேச்சர் 70 டிகிரியைத் தாண்டி நிக்குது. வெளியில வெயில் 34 டிகிரிதான்!

என்ன நடக்குதுன்னு பார்ப்போம். சிலிண்டர் ஹெட்டுக்குக் காத்தைக் கொண்டுபோற குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்டு. எங்களுது அலுமினியம். ஹெட்டும் அலுமினியம். ரெண்டும் போல்ட் போட்டு ஒட்டி நிக்குது. இன்ஜின் ஓடும்போது கூலன்ட் சூட்டை எடுத்துட்டுப் போகும், புதுக் காத்தும் மேனிஃபோல்டைக் குளிர வைக்கும். ஆஃப் பண்ணினதும் ரெண்டுமே நின்னுடும். ஹெட்ல தேங்கின சூடு மெதுவா மேனிஃபோல்டுக்கு ஏறும். இதுக்குப் பேர் ஹீட் சோக். அடுப்பை அணைச்ச பிறகும் தோசைக்கல்லோட காம்பு சூடேறிக்கிட்டே போகும்ல, அதே கதைதான்.

எங்க டெம்பரேச்சர் சென்சார் அந்த மேனிஃபோல்டுலயே திருகியிருந்தது. அது காத்தோட சூட்டைச் சொல்லல, உலோகத்தோட சூட்டைச் சொல்லுச்சு. ஈசியூ என்ன நினைக்கும்? "காத்து சூடா இருக்கு, அடர்த்தி கம்மி, பெட்ரோலைக் குறை." ஆனா நிஜத்துல ஃபில்டர் வழியா வர்ற காத்து அவ்வளவு சூடு இல்ல. பெட்ரோல் பத்தாம கலவை லீன் ஆகி, இன்ஜின் பிடிக்கல.

அடர்த்தி விஷயம் ஸ்கூல்ல படிச்ச ஐடியல் கேஸ் லாதான். அழுத்தம் மாறாம காத்து 30 டிகிரியிலேர்ந்து 60 டிகிரிக்குப் போனா, கெல்வின்ல 303 வகுத்தல் 333. அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். காத்து குறைஞ்சா எரிக்கிற பெட்ரோலும் குறையும், பவரும் குறையும். நாக்கிங் ஆபத்தும் கூடும்.

சரி, சூட்டை எப்படித் தடுக்கிறது? முதல்ல ஒரு ஜூனியர் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல வைக்க பிஎல்ஏல ஒரு ஸ்பேசர் 3டி பிரிண்ட் பண்ணினான். ஐடியா சரி, மெட்டீரியல் தப்பு. பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும். ஸ்பேசர் நசுங்கி, இடுக்குல காத்து உறிஞ்சி, ஐடில் ஏறி இறங்க ஆரம்பிச்சது.

வொர்க்‌ஷாப்ல லேத் பாக்குற அண்ணன் அதைக் கையில வாங்கிப் பாத்துட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, உங்க வீட்டு குக்கர் கைப்பிடி எதுல செஞ்சிருக்கு?"

பேக்லைட்! எலக்ட்ரிகல் கடையில ஹைலம் ஷீட்னு கேட்டா கிடைக்கிறதும் இதே ஃபீனாலிக் குடும்பம்தான். பழைய கார்புரேட்டர் பைக்குகள்ல கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல கறுப்பா ஒரு தடிமனான துண்டு இருக்குமே, அதோட வேலையும் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஹெட் 95 டிகிரி, மேனிஃபோல்டு 45 டிகிரின்னு வச்சுக்கோங்க. 6 மிமீ ஹைலம், பரப்பு 20 சதுர செமீ, வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.3. பாயுற சூடு 5 வாட்தான். அலுமினியத்தோட கடத்துதிறன் இதைவிடப் பல நூறு மடங்கு. அதனாலதான் நேரா ஒட்டி வச்சா மேனிஃபோல்டு கிட்டத்தட்ட ஹெட்டோட சூட்டுக்கே போயிடுது.

நாங்க கவனிக்காம விட்டது போல்ட். ரெண்டு எம்8 ஸ்டீல் போல்ட், 20 மிமீ நீளத்துக்குக் கணக்குப் போட்டா சுமார் 10 வாட். அதாவது பிளேட்டை விட ரெண்டு மடங்கு! ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா மூணு வாட் அளவுக்கு இறங்கும். போல்ட் தலைக்கு அடியில ஹைலம் வாஷர் வச்சா இன்னும் குறையும். ஸ்பேசர் தடிமனுக்கு ஏத்த மாதிரி போல்ட் நீளத்தையும் கூட்டணும். இல்லன்னா ஹெட்ல மரை பிடிக்கிற நீளம் குறைஞ்சு, அலுமினியம் மரை பிச்சுக்கிட்டு வந்துடும்.

மேனிஃபோல்டு மேல துணி டேப் சுத்தினா போதாதான்னு கேப்பீங்க. ஹெட்லேர்ந்து வர்ற சூட்டை அது தடுக்காது, உள்ள வந்த சூட்டை வெளிய விடவும் செய்யாது. பெட்ரோல் கசிஞ்சா துணி உறிஞ்சி வச்சுக்கும், அது தீ ஆபத்து வேற. பக்கத்துல எக்ஸாஸ்ட் பைப் இருந்தா, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு பளபளப்பான தகடு ஒண்ணு வைக்கிறதுதான் நல்லது. கதிர்வீச்சை அது திருப்பி விட்டுடும்.

இதனால பவர் அள்ளிக்கிட்டு வந்துடுமா? இல்லங்க. எங்களுது 373 சிசி ஒற்றை சிலிண்டர். ஃபுல் த்ராட்டில்ல 6000 ஆர்பிஎம்ல ஓடும்போது வினாடிக்குச் சுமார் 20 கிராம் காத்து போகும். அதை 1 டிகிரி சூடாக்கவே 20 வாட் வேணும். குழாய்க்குள்ள அது இருக்கிறதும் கொஞ்ச நேரம்தான். ஐடில்ல காத்து பத்துல ஒரு பங்கு அளவுதான் போகுது, அப்போ அதே சூடு பத்து மடங்கு உறைக்கும். அதனால ஸ்பேசரோட பலன் டிராஃபிக்லயும், நின்னு கிளம்புற நேரத்துலயும்தான் தெரியும்.

வீட்டுக் காருக்கு இதை வாங்கணும்னு அவசியம் இல்ல. இப்ப வர்ற பல பெட்ரோல் கார்கள்ல மேனிஃபோல்டே கண்ணாடி இழை கலந்த நைலான்தான். எடை, விலையோட சூடும் குறையும். அந்தக் காலத்துல கதையே தலைகீழ். ஃபோர்டு மாடல் டி கார்ல எக்ஸாஸ்ட் பக்கத்துலேர்ந்து சூடான காத்தைக் குழாய் போட்டு கார்புரேட்டருக்குக் கொண்டுபோனாங்க. அன்னைக்குப் பிரச்சினை பெட்ரோல் சரியா ஆவியாகாததுதான்.

கடைசியா எங்க கார். ஹைலம் ஸ்பேசர், ஸ்டெயின்லெஸ் போல்ட், ஹைலம் வாஷர். சென்சாரையும் ஏர் ஃபில்டர் பக்கமா மாத்தினோம். மறுபடி ரிகர்சல். ஆஃப் பண்ணி மூணு நிமிஷம் எண்ணினோம். முன்னாடி தொட முடியாத மேனிஃபோல்டுல அந்த ஜூனியர் கையை வச்சுக்கிட்டே நின்னான். பட்டனை அழுத்தினதும் முதல் சுத்துலயே பிடிச்சது.

அடுத்த வருஷ டீமுக்கு ஒரே வேண்டுகோள்: சூடான காரை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாக்குற டெஸ்டை முதல் வாரமே பண்ணிடுங்க. நாங்க கடைசி வாரத்துலதான் பண்ணினோம்.