விழாக் காப்பீடு: கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய நிபந்தனைகள்

2025ஆம் ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு, மும்பை கிங்ஸ் சர்க்கிளில் விழா நடத்தும் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் 474.46 கோடி ரூபாய்க்குக் காப்பீடு எடுத்தது. தங்கமும் வெள்ளியும் பூட்டிய பிள்ளையாரின் படத்தோடு நாளிதழ்கள் அந்தத் தொகையைத் தலைப்பாக்கின. படித்தவர்களில் பலர், நகைக்குத்தான் இவ்வளவு பெரிய காப்பீடு என்று நினைத்திருப்பார்கள். கணக்கு வேறு. தங்கம், வெள்ளி, நகைக்கு 67.03 கோடி. பந்தலுக்கு வரும் பொதுமக்களுக்கு நேரும் பாதிப்புக்கு 30 கோடி. தீ, நிலநடுக்கம் போன்றவற்றுக்கு 2 கோடி. விழா இடத்துக்கு 43 லட்சம். மீதி 375 கோடியும் தொண்டர்கள், அர்ச்சகர்கள், சமையல்காரர்கள், காவலாளிகள், வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பவர்கள் ஆகியோருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு, வேலை செய்யும் ஆட்களுக்கு.

இந்த ஒரு கணக்கில் விழா நடத்தும் எல்லோருக்கும் பாடம் இருக்கிறது. தாராவியின் 90 அடி சாலையில் பொங்கல் வைக்கும் சங்கத்துக்கு நகை கிடையாது. ஆனால் வரிசையாக எரியும் அடுப்புகளும், சுற்றி நிற்கும் பெண்களும் குழந்தைகளும் உண்டு. மாட்டுங்காவில் பஜனை நடத்தும் சமாஜத்துக்கும், செம்பூரில் கச்சேரி வைக்கும் சபாவுக்கும், கோயில் திருவிழாக் குழுவுக்கும் இது பொருந்தும். எவ்வளவு ரூபாய்க்குப் பாலிசி எடுத்தோம் என்பதைவிட, அந்தப் பாலிசி யாரை, எப்போது, எந்த நிபந்தனையில் காக்கிறது என்பதே முக்கியம். அதைச் சொல்லும் பக்கங்கள் சிறிய எழுத்தில் இருக்கும். அவற்றை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

நான்கு பகுதிகள்

விழாக் காப்பீடு பொதுவாக நான்கு பகுதிகள் சேர்ந்த ஒரு கட்டு. விழா ரத்தானாலோ தள்ளிப்போனாலோ ஏற்படும் செலவு நட்டம் முதல் பகுதி. பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு, நகை போன்ற பொருள்களுக்கான சேதம் இரண்டாவது. வந்தவர்களுக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் அமைப்பாளர் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீடு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி, மூன்றாவது. தொண்டர், பணியாளர் ஆகியோருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு நான்காவது. நான்கும் தானாக வந்துவிடாது. எதற்குப் பிரீமியம் கட்டினீர்களோ அது மட்டுமே உண்டு. பாலிசியின் முதல் தாளில் இருக்கும் அட்டவணையில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே தொகை போட்டிருக்கிறதா, வெறுமனே கோடு இழுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாம் நபர் யார்?

பப்ளிக் லயபிலிட்டி எடுத்துவிட்டால் எல்லாருக்கும் பாதுகாப்பு என்று குழுக்கள் நம்புகின்றன. அது காப்பது மூன்றாம் நபரை மட்டும். வேடிக்கை பார்க்க வந்தவர் மூன்றாம் நபர். மூங்கில் கட்டும்போது சாரத்திலிருந்து விழும் பந்தல் தொழிலாளி உங்கள் பணியாளராகக் கருதப்பட்டால் அவர் அந்தப் பகுதியில் வரமாட்டார். பணியாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தின் கீழ் அவருக்கான பொறுப்பு தனி. அதற்கான பாலிசியும் தனி. பிரசாதம் பரிமாறும் தொண்டருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும்.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தார்கள். தேர் வடம் பிடிப்பவர், பல்லக்குத் தூக்குபவர், சிலையைக் கரைக்கக் கடலில் இறங்குபவர் ஆகியோர் பக்தரா, தொண்டரா? பாலிசி எடுக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஊர்வலப் பாதையும் கரைக்கும் இடமும் காப்பீட்டு எல்லைக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். பந்தலின் முகவரி மட்டும் போட்டிருந்தால், பந்தல் வாசலைத் தாண்டியதும் காப்பீடு கைவிட்டுவிடும்.

காலமும் அப்படித்தான். விழா ஐந்து நாள் என்றால் பந்தலுக்குக் கால் நடுவது அதற்கு வாரங்கள் முன்னால். பிரிப்பது சில நாள் பின்னால். விபத்துகள் அந்த நாள்களிலும் நடக்கும். தொடக்கத் தேதி பந்தல் போடும் முதல் நாளாகவும் முடிவுத் தேதி கடைசி மூங்கில் வண்டியேறும் நாளாகவும் இருக்கட்டும்.

தொகையைக் குறைக்கும் மூன்று வரிகள்

முதலாவது, ஒரு விபத்துக்கான உச்ச வரம்பு. ‘மொத்தம் 1 கோடி’ என்று பெரிதாக எழுதிவிட்டு, ‘ஒரு சம்பவத்துக்கு 25 லட்சம்’ என்று கீழே போட்டிருக்கலாம். பந்தல் சரிந்து இருபது பேர் காயப்பட்டால் அது ஒரே சம்பவம். அந்த இருபது பேருக்கும் சேர்த்து 25 லட்சம்தான்.

இரண்டாவது, குறைத்துக் காட்டிய மதிப்பு. பிரீமியத்தை மிச்சப்படுத்த, 10 லட்ச ரூபாய் ஒலி, ஒளிச் சாதனங்களை 6 லட்சம் என்று எழுதிக்கொடுக்கிறார்கள். தீயில் 3 லட்ச ரூபாய்ப் பொருள் எரிந்தால் 3 லட்சமும் வராது. பத்தில் ஆறு என்ற விகிதப்படி 1,80,000 ரூபாய்தான் கணக்கில் வரும்.

மூன்றாவது, நீங்களே ஏற்க வேண்டிய கழிவு. பாலிசியில் அது 10,000 ரூபாய் என்றால் மேலே சொன்ன தொகையும் 1,70,000 ஆகிவிடும். 3 லட்சம் எதிர்பார்த்த குழு பாதியைச் சற்றே தாண்டிய தொகையோடு திரும்பும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் பாலிசியில் எழுதியபடியே நடக்கிறது. அதனால்தான் முன்கூட்டிப் படிக்க வேண்டும்.

மழையும் நோயும்

ரத்துக் காப்பீட்டில் எல்லாக் காரணமும் செல்லாது. காரணம் அமைப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும். ரத்து செய்வதைத் தவிர வேறு வழி இல்லாமலும் இருக்க வேண்டும். டிக்கெட் விற்கவில்லை, ஸ்பான்சர் பின்வாங்கினார், பணம் திரளவில்லை, பங்காளிகளுக்குள் தகராறு என்றால் பணம் வராது. பாலிசி எடுக்கும்போதே தெரிந்திருந்த தடங்கலுக்கும் வராது. பாடகர் வராமல் போவது தனிச் சேர்க்கை. பயங்கரவாதமும் பெரும்பாலும் தனிச் சேர்க்கையே.

மும்பையில் கவனிக்க வேண்டியது மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. விநாயகர் சதுர்த்தியும் மழைக்காலத்தில்தான் வருகிறது. திறந்தவெளி நிகழ்ச்சிக்கு மோசமான வானிலை என்பது பல பாலிசிகளில் விலக்கு. கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேரும். சேர்த்தாலும், எத்தனை மில்லிமீட்டர், எந்த வானிலை நிலையத்தின் அளவு என்று கேளுங்கள். கொலாபாவில் பெய்யும் மழையும் செம்பூரில் பெய்யும் மழையும் ஒன்றல்ல.

தொற்றுநோய் இன்னொரு விலக்கு. 2020இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி ரத்தானபோது அதன் அமைப்பாளர்களுக்குக் காப்பீடு கைகொடுத்தது. பல ஆண்டுகளாகத் தொற்றுநோய்க்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டிவந்தவர்கள் அவர்கள். கொரோனாவுக்குப் பிறகு நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே விலக்கி எழுதுகின்றன.

அனுமதி இல்லையேல் காப்பீடும் சந்தேகம்

2024 மே 13 அன்று காட்கோபர் சேடா நகரில் புழுதிக்காற்றில் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40க்கு 40 அடி. விழுந்தது அதைவிடப் பல மடங்கு பெரியது. செம்பூர்க்காரர்கள் தினமும் கடக்கும் இடம் அது. திருவிழா வளைவும் கட்அவுட்டும் காற்றுக்குத் தாங்க வேண்டியவையே.

சட்ட விதிகளைப் பின்பற்றுவதும் நியாயமான முன்னெச்சரிக்கை எடுப்பதும் பாலிசியின் நிபந்தனைகள். மாநகராட்சி, காவல்துறை, தீயணைப்புத் துறை அனுமதிகள் இல்லாமல், கம்பத்தில் கொக்கி மாட்டி எடுத்த மின்சாரத்தில் விளக்கு எரிந்து தீப்பிடித்தால், நிறுவனம் முதலில் அதைத்தான் எடுத்து வைக்கும். தற்காலிக மின் இணைப்பு ரசீது, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கையெழுத்து, தீயணைப்பான் நிரப்பிய தேதி, காவலாளிப் பட்டியல் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பந்தல்காரர், ஜெனரேட்டர்காரர் ஆகியோரிடம் சொந்தக் காப்பீடு உண்டா என்று கேட்டு நகல் வாங்குங்கள். நகைக்கு, பூட்டாமல் விட்டபோது காணாமல் போனதும் உள்ளாள் எடுத்ததும் பெரும்பாலும் சேராது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

விபத்து நடந்தால்

உயிர் காப்பது முதல் வேலை. அடுத்து காவல்துறை, தீயணைப்புத் துறைக்குத் தகவல். அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அறிவிப்பு. இடத்தைச் சுத்தம் செய்யும் முன் நாலா பக்கமும் படம் எடுங்கள். காயப்பட்டவரின் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லுங்கள், மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். ஆனால் ‘தவறு எங்களுடையது, இவ்வளவு தருகிறோம்’ என்று நிறுவனத்தைக் கேட்காமல் எழுதிக்கொடுத்தால் பப்ளிக் லயபிலிட்டி கிளைம் சிக்கலாகிவிடும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட பொதுக் காப்பீட்டு வழிகாட்டுதல்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் கிளைமை மறுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மறுத்தால், எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தகவல் சற்றுத் தாமதமானது என்பதாலேயே உண்மையான கிளைமைத் தட்டிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஓம் பிரகாஷ் வழக்கில், வாகனத் திருட்டு தொடர்பாகக் கூறியது. 2022 நவம்பரில் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் இன்னும் முக்கியமான தீர்ப்பு வந்தது. நிலத்தடித் தளத்தில் இருந்த கடைக்குப் பாலிசி கொடுத்துப் பிரீமியமும் வாங்கிவிட்டு, தீப்பிடித்த பிறகு நிலத்தடித் தளம் விலக்கு என்றது நிறுவனம். வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லாத விலக்கைக் காட்டித் தப்ப முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலக்குகளின் பட்டியலை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. உங்கள் பக்கமும் எதையும் மறைக்கக் கூடாது; முன்மொழிவுப் படிவத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு எழுதாதீர்கள்.

எங்கே முறையிடுவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ‘பீமா பரோசா’ தளத்திலும் 155255 எண்ணிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைகேட்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம், வரம்பு 50 லட்சம். ஆனால் அந்த வாசல் தனிநபர், குழுக் காப்பீடு, தனி உரிமையாளர் நிறுவனம், குறுந்தொழில் ஆகியோருக்கானது. காயப்பட்ட தொண்டர் தன் விபத்துக் காப்பீட்டுக்காக அங்கே போக முடியும். அமைப்பின் பெயரில் எடுத்த பாலிசிக்கு அது திறக்காமல் போகலாம்.

அமைப்புகள் நுகர்வோர் ஆணையத்தை நாட, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கட்டிய பிரீமியம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய 1986 சட்டத்தின் கீழ் அறக்கட்டளை நுகர்வோர் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியிருக்கிறது. 2019 சட்டத்தின் விளக்கம் விரிவானது. உங்கள் அமைப்பு சங்கமாகப் பதிவானதா, அறக்கட்டளையா என்று வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வழக்குப் போடுங்கள்.

குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாக் கூட்டத்தில் வசூல் கணக்கோடு பாலிசியையும் மேசையில் வையுங்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வராமல் நிறுவனம் பொறுப்பு ஏற்காது. ஆகவே கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், முதலில் ஆட்களுக்கும் வரும் மக்களுக்கும் காப்பீடு எடுங்கள். பந்தலும் பொருளும் அதற்குப் பிறகு.