இரண்டரை மீட்டர் அறையில் இரண்டு ஸ்பீக்கர்

காஹாங்கில் குளுவாங்–மெர்சிங் சாலையை விட்டு இறங்கி ஒரு தாமானுக்குள் நுழைந்தால், வரிசை வீடுகளில் மூன்றாவது படுக்கையறை சின்னதாகத்தான் இருக்கும். இதற்குச் சட்டமே இடம் தருகிறது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்கள்படி, வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும் இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது. அதற்கு அடுத்த அறைகளுக்கு 6.5 சதுர மீட்டர் போதும். கூரை உயரம் குறைந்தது 2.5 மீட்டர். பிள்ளைகள் படிக்க, துணி மடிக்க, விருந்தாளி வந்தால் பாய் விரிக்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அறைதான். அங்கே நல்ல பாட்டும் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குத் தரையில் இடம் ஒதுக்க முடியாது. சுவரில்தான் மாட்ட வேண்டும்.

ஆனால் ஒலிக்கருவி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது வேறு. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, தனி ஸ்டாண்டில் வையுங்கள் என்பார்கள். பெரிய ஹால் உள்ள வீட்டுக்கு அது சரியான யோசனை. இரண்டரை மீட்டர் அறையில் ஸ்பீக்கரை ஒரு மீட்டர் முன்னால் கொண்டுவந்தால் கேட்கிறவர் எங்கே உட்காருவது? வேறு வழியில்லாமல் பலர் அரை மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். சின்ன அறையில் அதுதான் மிக மோசமான இடம். சுவரிலிருந்து நன்றாக விலக முடியாதென்றால் அதை ஒட்டியே வைத்துவிடுங்கள். இடையில் தொங்க விடாதீர்கள்.

காரணம் எளிது. ட்வீட்டரிலிருந்து வரும் கூர்மையான ஒலி நேராக முன்னால் பாயும். வூஃபரிலிருந்து வரும் தடித்த ஒலி, அதாவது பேஸ், பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போகும், சுவரில் பட்டுத் திரும்பி வரும். வூஃபருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் ஓர் ஒலியின் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், திரும்பி வரும் அலை போய்வந்த வழியில் அரை அலை பின்தங்கி, புதிதாகக் கிளம்பும் அலைக்கு எதிராக நின்று அதை அழிக்கும். நம் ஊர் வெப்பத்தில், 30 பாகை செல்சியஸில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. வூஃபர் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் 145 ஹெர்ட்ஸில் குழி விழும். 50 சென்டிமீட்டர் என்றால் 175 ஹெர்ட்ஸ். ஆண்குரலின் கனம் இருப்பது அங்கேதான். டி.எம். சௌந்தரராஜன் பாடும்போது குரல் மெலிந்து, டெலிபோனில் வருவது போலக் கேட்டால், பழியைப் பதிவின் மேல் போடுமுன் ஸ்பீக்கர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அதே ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டினால் வூஃபரின் முகம் சுவரிலிருந்து 20, 25 சென்டிமீட்டரில் வந்துவிடும். குழி 350, 430 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிவிடும். அந்த உயரத்தில் ஒலி பின்பக்கம் குறைவாகவே கசிகிறது, ஆகவே குழியின் ஆழமும் குறைகிறது. அதற்குக் கீழே உள்ள பேஸ் முழுவதையும் சுவர் அழிப்பதற்குப் பதில் தாங்கிப் பிடிக்கிறது. மிகத் தடித்த ஒலிகளில் 6 டெசிபெல் வரை கூட்டித் தரும். நான்கு அங்குல வூஃபர் உள்ள சின்னப் பெட்டிக்கு இது காசில்லாமல் கிடைக்கும் பலம். அமெரிக்கப் பொறியாளர் ராய் அலிசன், அறைச் சுவர்கள் ஸ்பீக்கரின் பேஸை எப்படி மாற்றுகின்றன என்பதை அளந்து 1974இல் கட்டுரை வெளியிட்டார். அதே கருத்தை வைத்து, சுவரை ஒட்டி நிற்கவென்றே ஸ்பீக்கர்களையும் செய்து விற்றார். சுவரில் மாட்டுவது இடமில்லாதவர் செய்யும் சமாளிப்பு என்று நினைப்பவர்கள் அவருடைய வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி அறையின் பக்கம் வருவோம். 6.5 சதுர மீட்டர் என்றால் 2.6க்கு 2.5 மீட்டர். கூரையும் 2.5 மீட்டர். சட்டத்தின் கீழ்வரம்பில் கட்டிய அறை கிட்டத்தட்ட ஒரு கனசதுரம். இசைக்கு இதைவிடக் கடினமான வடிவம் கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் ஓடும்போது, அறையின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் சுருதி தானாகவே பெருத்துக்கொள்ளும். 2.5 மீட்டருக்கு அது 70 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவில் இருந்தால் மூன்று பெருக்கமும் ஒரே இடத்தில் குவியும். பேஸ் கிட்டாரின் ஒரு சுரம் மட்டும் ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். உறுமி மேளம் போட்டால் ஒரே முழக்கமாக ஊதும்.

ஸ்பீக்கரை மாட்டும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்தால் இதில் பாதித் தொல்லை தீரும். தரைக்கும் கூரைக்கும் இடையே நிற்கும் அலைக்குச் சரிபாதி உயரத்தில் அழுத்தம் இருக்காது. அங்கே உள்ள வூஃபரால் அந்த அலையைத் தூண்ட முடியாது. ஆகவே வூஃபர் தரையிலிருந்து 1.25 மீட்டரில் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும், அதற்கு இது பக்கத்தில்தான். அகலத்திலும் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 2.6 மீட்டர் சுவரில் இரு ஓரத்திலிருந்தும் 65 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்றாக மாட்டினால், இரண்டுக்கும் இடையே 1.3 மீட்டர் இருக்கும். அகலவாட்டு அலை இடப்பக்கம் அழுத்தும்போது வலப்பக்கம் தளர்த்தும். பாட்டுகளில் பேஸ் பெரும்பாலும் நடுவில், இரு ஸ்பீக்கருக்கும் பொதுவாகத்தான் பதிவாகியிருக்கும். சம தூரத்தில் நிற்கும் இரண்டும் ஒன்றாக இயங்கும்போது ஒன்று கிளப்புவதை மற்றது அடக்கிவிடும். கால்பங்கு, முக்கால்பங்கு இடங்களில் நிற்பதால் அதற்கு அடுத்த அலையும் கிளம்பாது.

மிச்சம் நீளவாட்டு அலை ஒன்றுதான். அதை உட்காரும் இடத்தால் சமாளிக்க வேண்டும். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் பேஸ் மிதமிஞ்சும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் வற்றிவிடும். ஸ்பீக்கர் உள்ள சுவரிலிருந்து 1.5, 1.6 மீட்டரில் நாற்காலியைப் போடுங்கள். அப்போது இரு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஏறத்தாழ ஒரு சமபக்க முக்கோணமாக அமையும். ஸ்டீரியோவுக்கு வேண்டியதும் அதுவே. உங்கள் அறை இதைவிடப் பெரிதாக இருந்தாலும் விகிதம் மாறாது. பாதி உயரம், கால்பங்கு அகலம். மூலையில் மட்டும் மாட்ட வேண்டாம். ஒவ்வொரு சுவரும் பேஸைக் கூட்டிக்கொண்டே போகும், மூலையில் அது கட்டுக்கு அடங்காது.

எந்த ஸ்பீக்கரை வாங்குவது? பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. அந்தக் குழாய் மூச்சுவிட இடம் வேண்டும், சுவரோடு நெருக்கினால் பேஸ் குழறும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் ஓர் உள்ளங்கை அகலமாவது இடைவெளி விட்டு, குழாயில் பஞ்சுத் துண்டைத் திணித்துக் கேட்டுப் பாருங்கள். பேஸ் குறையும், ஆனால் தெளியும். முற்றிலும் மூடிய பெட்டியோ, முன்பக்க ஓட்டையோ சுவருக்கு ஏற்றது. மூடிய சின்னப் பெட்டிக்குப் பேர்போனது பிபிசியின் எல்எஸ் 3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேனின் நெருக்கடியான இடத்துக்காக 1970களின் தொடக்கத்தில் பிபிசி பொறியாளர்களே வடிவமைத்தது. ஓர் அடி உயரம், ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே எடை. ஐம்பது ஆண்டு கடந்தும் அதன் புதிய வடிவங்கள் விற்பனையாகின்றன என்பதே சின்னப் பெட்டிக்குச் சாட்சி. சின்னப் பெட்டிக்காகப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கடைச் சுவர்களில் நீங்கள் பார்த்திருக்கும் ஜேபிஎல் கண்ட்ரோல் 1 வகை, இரண்டு கிலோ அளவுதான், சுவரில் மாட்டும் வசதியோடு வருகிறது.

நம் ஈரக்காற்றுக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரையா, ரப்பரா? நுரை வளையம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். பழைய ஸ்பீக்கரை இரண்டாம் கையாக வாங்குமுன் வளையத்தை விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், கையில் கறுப்பாக ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

சுவரில் கை வைக்குமுன் அது எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக, கை வலிக்கும்படி இருந்தால் செங்கல் அல்லது கான்கிரீட். ‘டொக்’கென்று உள்வாங்கினால் ஜிப்சம் பலகை அல்லது பிளைவுட். உறுதியாகச் சொல்வது டிரில் போடும்போது வரும் தூள்தான். துளைக்குக் கீழே ஒரு தாளை மடித்து டேப்பால் ஒட்டுங்கள், தூள் அதில் விழும். முதல் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சாம்பல் நிறம் வந்தால் அது மேல்பூச்சு. அதற்குப் பிறகு சிவப்பாக மாறினால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, டிரில் திணறினால் கான்கிரீட், ஹேமர் டிரில் வேண்டும். வெள்ளை மாவு வந்து சட்டென்று வெறுமையில் பாய்ந்தால் ஜிப்சம் பலகை.

செங்கல்லில் செய்யும் பொதுவான பிழை, திருகைப் பிடிக்கும் பிளக்கைப் பூச்சிலேயே நிறுத்துவது. பூச்சுக்குப் பலமில்லை. பூச்சின் கனத்தைக் கழித்துவிட்டு, பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் உட்காரும் ஆழத்துக்குத் துளையிட வேண்டும். எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்குப் போடலாம். ஸ்பீக்கர் 5 கிலோ, அதன் எடைமையம் சுவரிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே, பிராக்கெட்டின் மேல் திருகும் கீழ்த்திருகும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில். அப்படியானால் மேல்திருகைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 10 கிலோ. இடைவெளி பாதியானால் விசை இரட்டிப்பாகும். ஆகவே நீளமான தகடு உள்ள பிராக்கெட்டையே வாங்குங்கள். செங்கல்லுக்குள் இறங்கிய 6 மில்லிமீட்டர் நைலான் பிளக் இதைத் தாராளமாகத் தாங்கும்.

ஜிப்சம் தடுப்பு என்றால் பலகையை நம்பாதீர்கள். உள்ளே நிற்கும் சட்டத்தைக் காந்தத்தால் தேடுங்கள், பலகையைச் சட்டத்தில் பிடித்த திருகுகள் காட்டிக்கொடுக்கும். கால்பங்கு இடத்தில் சட்டம் இல்லாவிட்டால், இரண்டு சட்டத்துக்கும் குறுக்கே ஒரு மரப்பட்டையைத் திருகி அதன் மேல் பிராக்கெட்டை மாட்டலாம். தோட்டத்துப் பழைய பலகை வீடுகளிலும் இதே வழிதான், பலகையில் அல்ல, குத்துச்சட்டத்தில் மாட்டுங்கள். பழைய வீட்டில் தடுப்பு சாம்பல் நிற சிமெண்டுத் தகடாக இருந்தால் டிரில்லைக் கீழே வையுங்கள். அதில் கல்நார் கலந்திருக்கலாம், அந்தத் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆபத்து. அங்கே ஸ்பீக்கர் அலமாரி மேலேயே இருக்கட்டும்.

சுவிட்சுக்கும் பிளக் பாயிண்ட்டுக்கும் நேர்மேலே, நேர்கீழே துளையிட வேண்டாம். சுவருக்குள் வயர் அந்தக் கோட்டில்தான் ஓடும். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரையும் தவிர்க்கப் பாருங்கள். சட்டப்படி அதற்கு 200 மில்லிமீட்டர் கனம் உண்டு, ஆனாலும் பிராக்கெட் வழியாக இறங்கும் அதிர்வு சுவரின் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பவருக்குக் கேட்கும். வேறு சுவர் இல்லையென்றால் பிராக்கெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் துண்டு வையுங்கள். வெளிச்சுவரானால் பருவமழைக் காலத்தில் ஈரம் ஊறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

உள்ளே ஆம்ப் கொண்ட ஸ்பீக்கருக்குச் சுவரில் மின்சாரமும் வேண்டும். ஆம்ப் தனியாக இருந்தால் மெல்லிய ஸ்பீக்கர் வயர் மட்டும் போதும், சின்ன அறைக்கு நான் அதையே சொல்வேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இந்தத் தூரத்துக்குத் தாராளம். சிவப்பு, கறுப்பு முனைகள் இரு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். ஒன்று மாறினால் மேலே சொன்ன பேஸ் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். ஓட்டை உள்ள பெட்டிக்கு ஒரு துண்டு கொசுவலை ஒட்டுங்கள், பல்லி உள்ளே குடியேறாது. இடி இடிக்கத் தொடங்கினால் ஆம்ப்பின் பிளக்கை உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மாட்டி முடித்ததும் ஆம்ப்பில் பேஸை ஓரிரு படி குறைத்துத் தொடங்குங்கள். பல ஸ்பீக்கர்கள் சுவரிலிருந்து விலகி நிற்கும் என்று எண்ணி, பேஸைக் கூட்டியே செய்யப்பட்டவை. சோதனைக்கு 1978இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்களைப் போடலாம். சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட அந்தப் படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடல்கள், தமிழ்த் திரையில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்களாகச் சொல்லப்படுகின்றன. யேசுதாஸின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் சுவரிலிருந்து வர வேண்டும். நடுவில் நில்லாமல் பரந்து மங்கினால் இரண்டையும் உங்கள் பக்கம் கொஞ்சம் உள்நோக்கித் திருப்புங்கள். கூர்மை உறுத்தினால் கொஞ்சம் வெளியே. குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் நாற்காலி நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் சாய்ந்தால் அந்தப் பக்கத்துச் சுவரில் மோதி வரும் ஒலி காரணமாக இருக்கலாம், ஒரு திரைச்சீலையோ புத்தக அலமாரியோ அங்கே வைத்தால் சரியாகும்.