கூந்தலும் தேங்காய் எண்ணெயும்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் அழகு நிலையங்கள் பெருகிவிட்டன. கருங்கூந்தலைச் செம்பட்டையாக்கிக்கொள்ளும் ஆசை மாணவரிடையேயும் பரவிவிட்டது. விளைவை அறிந்துதான் செய்கிறோமா?

முடி, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நிறநீக்கக் கலவையிலுள்ள அம்மோனியா, முடியின் மேற்செதில்களை விரியச் செய்கிறது. உட்புகும் ஹைட்ரஜன் பெராக்சைடு, கருமை தரும் மெலனினை அழிப்பதோடு நில்லாமல், புரத இழைகளை இணைக்கும் கந்தகப் பிணைப்புகளையும் அறுக்கிறது. பின்னர் தலை முழுகும்போதெல்லாம் புரதம் கரைந்து வெளியேறுகிறது, முடி முறிகிறது.

இங்கேதான் நம் பாட்டிமாரின் எண்ணெய்க் கிண்ணம் துணை நிற்கிறது. மும்பை ஆய்வாளர்களான ரெலே, மொஹிலே ஆகியோர் 2003-இல் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய்களை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நிறம் நீக்கிய முடியிலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதில் ஏறக்குறையப் பாதியளவுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது; ஆதலால் முடியினுள் நுழைகிறது. அவ்வாய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தினர் என்பதையும் மறவாதிருப்போம்.

எனவே, தலை முழுகுமுன் எண்ணெய் தடவுவது நன்று. ஆனால் சாயத்திலுள்ள பாரா ஃபினைலின் டையமின் உண்டாக்கும் ஒவ்வாமையை எண்ணெய் தடுக்காது. காதின் பின்புறம் சிறிது சாயம் தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அறுந்த பிணைப்பை எண்ணெய் ஒட்டவைக்காது, எஞ்சியதையே காக்கும். நண்பர்களே, சாயக்கிண்ணத்தைத் தொடுமுன் இதை எண்ணிப் பாருங்கள்!