ஒரு தறி, இரண்டு பேர், ஒரு கூலி

நம்மிடம் பல வருடமாகச் சரக்கு எடுக்கும் சென்னைக் கடைக்காரர் ஒருவர், ஒரு கார்த்திகை மாதம் கணக்குப் பார்க்க வந்தபோது சொன்னார்: "உங்க ஊர் நெசவாளர் வீடு ஒண்ணு முட்டுக்காட்டுல இருக்கு. டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டு வந்தோம்."

நமக்குச் சிரிப்புதான் வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவர்கள் நாம். நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பட்டுப்புடவை மொத்த வியாபாரம். நெசவாளர் வீட்டைக் காசு கொடுத்துப் பார்க்க நமக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம். அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் நடந்து போகும்போதுதான் வேறு யோசனை வந்தது. நம் தெருவில் அப்படி ஒரு வீடு இன்று எங்கே இருக்கிறது? ஓட்டைப் பிரித்து மாடி கட்டியாயிற்று. தறி இருந்த குழியை மூடி டைல்ஸ் பதித்தாயிற்று. விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு போட்டு நின்றவர்களைப் பார்த்தே பல காலம் ஆயிற்று.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஒரு நாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். நமக்கு முப்பது வருடத்துக்கு மேல் கோர்வைப் புடவை நெய்து தரும் பெரியவரையும் அவர் சம்சாரத்தையும் கூட அழைத்துக்கொண்டோம். செங்கல்பட்டு, திருப்போரூர், கோவளம் வழியாகப் பயணம்.

முட்டுக்காட்டில் நம் ஊர்

அந்த இடத்தின் பெயர் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார் 1984-இல் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பத்து ஏக்கர் அளவுள்ள தோப்பு போன்ற இடம். அமைப்பை வகுத்தவர்களில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் ஒருவர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் இங்கே நிற்கின்றன. இடிபடவிருந்த வீடுகள் பலவற்றை வாங்கி, மரம், ஓடு, கல் எனப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்று இருக்கிறது. நாமும் வணிகர் ஆயிற்றே, அங்கேதான் அதிக நேரம் நின்றோம். பருத்த மரத் தூண்கள், வேலைப்பாடு செய்த வாசற்கதவு, முற்றம். பார்த்ததும் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டுக்கு வந்தோம்.

பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "மொதலாளி, இது நம்ம தெரு வீடுதான்" என்றார். உள்ளே நுழைந்து சுவர், கூரை, தறி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்க வீடு எல்லாம் மனுசனுக்குக் கட்டினது இல்ல. தறிக்குக் கட்டினது. பாவு நீளத்துக்குக் கூடம், மிச்சம் இருக்கிற இடத்துல சமையல், படுக்கை" என்றார். நாற்பது வருடமாக அந்த வீடுகளுக்குப் போய்வந்த நமக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை. நாம் போனால் திண்ணையில் உட்காருவோம், புடவையை விரித்துப் பார்ப்போம், குறை இருந்தால் சொல்வோம், காப்பி குடிப்போம், திரும்பிவிடுவோம்.

கோர்வை என்பது என்ன?

வெளியூர்க் கடைக்கார நண்பர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, மறு கரைக்கு ஒரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடை நூல் கரைக்குள் போகாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு திரும்பும். அதனால்தான் அரக்குக் கரை அரக்காகவே நிற்கிறது, உடலின் பச்சை அதில் கலப்பதில்லை. புடவை நைந்தாலும் கரை விடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் இந்தக் கோர்ப்பை வைத்துத்தான்.

இதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெசவாளர் தறிக்குழியில் உட்கார்ந்து ஒரு கரையையும் உடலையும் பார்த்துக்கொள்வார். வலப்பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு பேர் கையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு புடவைக்குப் பதினைந்து நாள் சாதாரணமாக ஆகும். ஒரே நாடாவில் ஓட்டிவிடும் புடவைக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை, நாளும் குறைவு. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அம்மா சொன்ன பதில்

பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சம்சாரம் ஒன்றும் பேசாமல் தறிக்கு வலப்பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் வலிக்கிறது போலும் என்று நினைத்தோம். பிறகுதான் புரிந்தது, முப்பது வருடமாக அவர் உட்காரும் இடம் அதுதான். கையைத் தறி மேல் வைக்கவில்லை, மடியில்தான் வைத்திருந்தார்.

அந்த நேரம் கல்லூரிப் பெண்கள் சிலர் உள்ளே வந்தார்கள். ஒரு பெண் அவரிடம் கேட்டாள்.

"பாட்டி, நீங்க நெய்வீங்களா?"

"நெய்யறது அவரும்மா. நான் கரை போடுவேன்."

"ஒரு புடவைக்கு உங்களுக்கு எவ்வளவு தருவாங்க?"

"எனக்கா? எனக்கு ஏதும்மா. கூலி தறிக்குத்தானே."

வருத்தமாகச் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் கூலியைக் கொடுப்பவர்கள் நாம். பின்னாலேயே நின்றிருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன் பெரியவர் நம்மிடம் கேட்டிருந்தார்: "கோர்வைக்கு ரெண்டு ஆள் வேணும் மொதலாளி, ஒரு ஆள் கூலிதான் கட்டுது. ஏதாவது பார்த்துச் செய்யுங்க." மார்க்கெட் தாங்காது என்று பதில் சொல்லி அனுப்பினோம். அதே தெருவில் நமக்கு நெய்த வேறு சிலர் கேட்கக்கூட இல்லை. ஒற்றை நாடாவுக்கு மாறிவிட்டார்கள்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தோம். அந்த இரண்டாவது இடம் ஒரு காலத்தில் பிள்ளைகளின் இடம். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் கரை போட்டார்கள். நாம் கடைக்கு வந்த புதிதில், 1979-இல் அத்தி வரதர் தரிசனத்துக்கு ஊரே திரண்டபோது, தறி வீடுகளில் கண்ட காட்சி அதுதான். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. 90-களில் நம் ஊர்ப் பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். நல்லதுதான் நடந்தது. ஆனால் பிள்ளை எழுந்துபோன இடத்தில் தாய் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்குக் கொடுக்காத கூலியை நாம் தாய்க்கும் கொடுக்கவில்லை. 2019-இல் அத்தி வரதர் மறுபடி எழுந்தருளியபோது நமக்குக் கோர்வை நெய்யும் தறிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. ஆள் கிடைக்கவில்லை என்று நாமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சட்டம் நம்மைக் காக்கவில்லையா என்று கேட்கலாம். 1985-இல் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது, 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2004-இல் சில்க் மார்க் முத்திரை வந்தது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை நம் சரக்கின் பெயரைக் காக்கின்றன. தறிக்கு வலப்பக்கம் உட்காரும் கைக்குக் கூலி உண்டா என்று எந்த முத்திரையும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் கூலி கொடுக்கிற நாம்தான்.

லியோன் நகரத்து வணிகர்கள்

நம் தறிகளின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் 1800-களின் தொடக்கத்தில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கியது. லியோனும் நம்மைப்போல் பட்டு நெசவு ஊர். வணிகர் நூல் கொடுப்பார், நெசவாளர் தன் வீட்டுத் தறியில் நெய்து கூலி வாங்குவார். 1831-இல் அங்கே நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி விகிதம் கேட்டார்கள். பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்ட விகிதத்தை வணிகர்கள் பலர் கொடுக்க மறுத்ததால் பெரும் கலகம் மூண்டு, உயிர்கள் போயின.

அதே ஊர் வணிகர் சங்கம்தான் 1864-இல் ஓர் அருங்காட்சியகமும் தொடங்கியது. பின்னர் அது துணிகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் ஆயிற்று. உலகத்து நெசவையெல்லாம் திரட்டி, நூறு வருடத்துக்கு மேல் வணிகர்களே செலவு செய்து நடத்தினார்கள். கடைசியில் அவர்களாலும் தாங்க முடியாமல் மூடும் நிலை வந்து, 2019-இல் அந்தப் பகுதி அரசாங்கம் பொறுப்பேற்றது. நம் நாட்டிலும் அகமதாபாத்தில் காலிகோ மில் நடத்திய சாராபாய் குடும்பத்தார் 1949-இல் துணி அருங்காட்சியகம் அமைத்தார்கள். அதற்கு யோசனை சொன்னவர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசாமி.

வணிகர்கள் நினைத்தால் பழைய துணியைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் கூலி கொடுக்க மறுத்த ஊரே பிறகு துணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தது என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது. முட்டுக்காட்டில் இருப்பவர்கள் வீட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்திருக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஆளைக் காப்பது அவர்கள் வேலை இல்லை.

கூலி நோட்டில் இரண்டு பெயர்

ஊர் திரும்பிய வாரம் கூலி நோட்டை எடுத்தோம். பெரியவர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி போட்டு, "அம்மா பெயர் என்ன?" என்று அவரிடம் கேட்டோம். கேட்ட பிறகுதான் உறைத்தது. முப்பது வருடம் அந்த அம்மாள் கையால் காப்பி குடித்திருக்கிறோம், பெயர் தெரியாது.

அந்தத் தை மாதம் முதல் கோர்வைக்குப் பழைய கூலியோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, அதை அவர் பெயரிலேயே தனியாகக் கொடுக்கிறோம். மற்றக் கோர்வைத் தறிகளுக்கும் அப்படியே. அடக்க விலையில் நூற்றுக்கு எட்டு ரூபாய் அளவுக்கு ஏறியது. உண்மையைச் சொல்ல வேண்டும்: இரண்டு கடைக்காரர்கள் கோர்வை ஆர்டரைக் குறைத்துவிட்டார்கள். ஒருவர், "வாங்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, நான் ஏன் கூடக் கொடுக்கணும்?" என்றார். நியாயமான கேள்வி. பதில் நம் கடை மேசை மேலேயே இருக்கிறது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் நாம் காட்டாததுதான்.

ஒற்றை நாடாப் புடவையையும் கோர்வைப் புடவையையும் ஒரே அடுக்கில் வைத்து, கேட்டால் இரண்டுக்கும் "கோர்வைதான்" என்று நாமும் சொன்ன காலம் உண்டு. இப்போது சொல்வதில்லை.

சங்கத்துக்கு மூன்று யோசனைகள்

ஒன்று: பில்லில் "கோர்வை" அல்லது "ஒற்றை நாடா" என்று எழுதுவோம். ஒற்றை நாடாவும் நல்ல சரக்குதான். பெயரை மாற்றி விற்பதுதான் தவறு.

இரண்டு: கடையில் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு கோர்வைத் துண்டும் வைப்போம். புடவையைப் புரட்டி, கரையும் உடலும் சேரும் இடத்தைக் காட்டினால், கோர்வையில் நூல்கள் பல் பல்லாகக் கோர்த்துத் திரும்புவது தெரியும். ஒற்றை நாடாவில் உடல் நூல் நேராகக் கரைக்குள் ஓடிவிடும், கரையின் நிறமும் அந்தச் சாயல் கலந்தே இருக்கும். இதைக் காட்ட ஒரு நிமிடம் போதும். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். பெரிய கட்டடம் வேண்டாம், இதுவும் ஓர் அருங்காட்சியகம்தான்.

மூன்று: கோர்வைக்குக் கூலி பேசும்போது இரண்டு பேருக்குப் பேசுவோம். ஒருவர் மட்டும் செய்தால் மார்க்கெட் தாங்காது என்பது உண்மைதான். அதற்குத்தானே சங்கம் இருக்கிறது. நம் உறுப்பினர்கள் ஒரே விகிதத்துக்கு ஒத்துக்கொண்டால் யாரும் யாரையும் விலையில் அடிக்க முடியாது.

அடுத்த மார்கழியில் உறுப்பினர்கள் குடும்பத்தோடு முட்டுக்காட்டுக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்யலாம். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை, அன்று போக வேண்டாம். போகும்போது அவரவருக்கு நெய்து தருபவர்களையும் அழைத்துப் போங்கள். இரண்டு பேரையும் அழையுங்கள். ஒருவரை மட்டும் அழைத்துப் போனால் அந்த வீட்டில் பாதியைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.